அடுத்தவர் துடுப்பைக் கையில் எடுக்கும் முன்

கடல் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) பயிற்சிக்கு வருகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் பற்றிக் கேட்பார்கள், ஜெல்லி மீன் கடிக்குமா என்று கேட்பார்கள். துடுப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சாய்த்து வைத்திருப்பதில் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். புதிதாக வருபவர்களை நாங்களே கவனித்துக்கொள்வோம். பல வருடம் துடுப்பு வலித்துக் கை பழகியவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். தை மாதம், மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் இருவர் போயிருந்தோம். வாடைக்காற்று ஏறியிருந்தது. கிழக்கே திரும்பி வரும்போது அலை இடப்பக்கமிருந்து அடித்தது. கூட வந்த நண்பருக்கு மணிக்கட்டில் வலி. துடுப்பை மாற்றிப் பார்ப்போமா என்றார். சரி என்று நடுக்கடலிலேயே மாற்றிக்கொண்டோம். கயாக் துடுப்பின் இரு முனையிலும் பிளேடு என்ற தட்டையான பலகை இருக்கும். என்னுடையதில் அவை இரண்டுக்கும் இடையே 60 பாகை திருப்பம் உண்டு. அவருடையதில் திருப்பமே கிடையாது, இரண்டும் ஒரே மட்டம்.

பத்து நிமிடம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் ஒரு அலை பக்கவாட்டில் எழும்பிப் படகைச் சாய்த்தது. இப்படிச் சாயும்போது பிளேடின் முதுகால் தண்ணீரைத் தட்டி நிமிர்வோம். லோ பிரேஸ் என்பது அதுதான். என் வலது மணிக்கட்டு வழக்கம்போலத் திரும்பியது, இடது பிளேடு கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றது. அது தண்ணீரை அறையவில்லை, அறுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. நானும் பின்னாலேயே போனேன். நண்பர் பக்கத்திலேயே இருந்ததால் என் படகைப் பிடித்துக்கொண்டார், நான் திரும்ப ஏறி உட்கார்ந்தேன். தனியாக வந்திருந்தால் நிலைமை வேறு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருப்பமுள்ள துடுப்பைப் பெரும்பாலோர் வலது கையால்தான் கட்டுப்படுத்துகிறோம். வலது பிடி நகராது, இடது பிளேடுக்கு மட்டும் வலது மணிக்கட்டைத் திருப்பிக் கோணத்தைச் சரிசெய்வோம். அதனால் திருப்பம் மாறினாலும் வலப்பக்கம் எல்லாம் சரியாகவே இருக்கும். இடப்பக்கத்தையும் அமைதியான தண்ணீரில் கண் பார்த்து, கை திருத்திக்கொள்ளும். பழகிவிட்டது என்று நினைப்போம். திடுக்கிடும் அந்த ஒரு நொடியில் கை பழைய துடுப்புக்கான வேலையைத்தான் செய்யும்.

கோணம் மட்டுமல்ல, வடிவமும் அப்படித்தான். கிரீன்லாந்துத் துடுப்பு மெலிந்து நீண்டிருக்கும். அதன் மேல்விளிம்பைச் சற்று முன்பக்கம் சாய்த்து இழுக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீருக்குள் படபடவென்று ஆடும். பந்தயக்காரர்களின் விங் துடுப்பு, அதாவது பிளேடு இறக்கைபோல் வளைந்த துடுப்பு, முன்னோக்கி இழுக்க அருமையானது. ஆனால் அதன் முதுகை நம்பிச் சாய்ந்தால் எந்தப் பக்கம் நழுவும் என்று சொல்ல முடியாது. அதை முதன்முறை தொடுகிறவர்கள் அலையுள்ள நாளில் தொடவே வேண்டாம்.

தோள்பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். குறுகலான கடல் கயாக்குக்குப் பெரும்பாலும் 210 முதல் 220 செ.மீ. நீளமே போதும். அகலமான படகுக்கான 240 செ.மீ. துடுப்பையோ பெரிய பிளேடையோ எடுத்தால் ஒவ்வொரு இழுப்பிலும் சுமை கூடும். ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும், அதற்குள் கரை தூரமாகியிருக்கும். பிடியைத் தளர்த்துங்கள். முழங்கை உடலோடு தாழ்வாக இருக்கட்டும். கையைத் தலைக்கு மேலே நீட்டித் தண்ணீரில் ஊன்றினால் தோள் கழன்றுவிடும் அபாயம் உண்டு. காற்று திடீரென்று பிளேடைத் தூக்கினால் மல்லுக்கட்டாமல், காற்று வரும் பக்கத்துக் கையை விட்டுவிடுங்கள்.

யாருடைய துடுப்பாக இருந்தாலும் முதலில் குழிந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்கிறதா, நடு இணைப்பு ஆடுகிறதா என்று பாருங்கள். கோணத்தை மாற்ற வசதி இருந்தால் உங்கள் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் யாரையாவது படகைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி இடது பிளேடைத் தண்ணீர்மேல் மட்டமாக வையுங்கள். கண்ணைத் திறந்து பாருங்கள். மட்டமாக இருக்கிறதா? நான் பார்த்தவரை முதல் தடவையில் பாதிப் பேருக்கு அது சரிந்துதான் நிற்கும். இரண்டு பக்கமும் யோசிக்காமலே மட்டமாக வரும்வரை செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

உங்கள் படகின் பின்தளத்தில் கட்டியிருக்கும் மாற்றுத் துடுப்பையும் மறக்காதீர்கள். பெரும்பாலும் அது மலிவான வேறொரு வகையாக இருக்கும், ஒருநாளும் தொட்டிருக்க மாட்டோம். நல்ல துடுப்பு உடையும் நேரத்தில் கடல் அமைதியாக இருக்காது. இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை அதை மட்டும் வைத்தே போய்வருகிறேன். போன தடவை இணைப்பில் மணல் ஏறி இரண்டு பாகமும் சேரவே இல்லை. நல்ல வேளை, அப்போது கரையில்தான் இருந்தேன். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பொத்தானை நாலைந்து தடவை அழுத்திவிட்ட பிறகுதான் பூட்டியது.