அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்சார வாகனத்துக்கு இணைப்பு: விதி தருவது என்ன, சங்கம் செய்ய வேண்டியது என்ன?

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கும். இரண்டாம் மாடித் துணிக்கொடியை உரசிக்கொண்டு இறங்கி, கீழே தூண்களுக்கு நடுவே நிற்கும் ஸ்கூட்டரில் போய் முடியும். மழை வந்தால் இணைப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுவார்கள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தபோது ஓர் இரவு அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. ஆனால் அந்த வீட்டுக்காரரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. பார்க்கிங் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் வைத்துக்கொள்ள ஆறு மாதத்துக்கு முன்பே அவர் கடிதம் கொடுத்திருந்தார். "அடுத்த பொதுக்குழுவில் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் நாங்கள்தான்.

அன்றைக்குப் பிறகுதான் விதிகளை உட்கார்ந்து படித்தேன். பல சங்கங்கள் நினைப்பதைவிட அவை தெளிவாகவே இருக்கின்றன.

மின்சார வாகனத்துக்கு சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. சொந்த வீட்டு இணைப்பிலிருந்தே வண்டிக்கு சார்ஜ் போடலாம் என்பதும் அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகளில் இருக்கிறது. அவற்றின் புதிய வடிவம் 2024 செப்டம்பரில் வந்தது. ஆகவே "வீட்டு மீட்டரில் வண்டிக்கு சார்ஜ் போட்டால் மின்வாரியம் அபராதம் போடும்" என்று கூட்டத்தில் யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

வீட்டு மீட்டர் வேண்டாம் என்றால் வாகனத்துக்கென்று தனி இணைப்பு கேட்கலாம். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தம் இதற்கு வழி செய்கிறது. புதிய இணைப்பு தருவதற்கான கெடுவையும் அதே திருத்தம் குறைத்தது: பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள். எது லாபம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும், மாதம் 1,000 கிலோமீட்டர் போவோம் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 290 யூனிட் கூடும். யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறுவதால், ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டுக்கு இது பெரிய சுமை. ஸ்கூட்டர் மட்டும் வைத்திருப்பவர் வீட்டு மீட்டரே போதும் என்று இருந்துவிடலாம்.

இனி எல்லோரும் சண்டை போடும் இடத்துக்கு வருவோம். சங்கம் மறுக்க முடியுமா? மேலே சொன்ன விதிகள் மின்வாரியத்துக்கும் நுகர்வோருக்கும் இடையிலானவை. ஒயர் போகும் குழாயும், மீட்டர் பெட்டி இருக்கும் சுவரும் எல்லோருக்கும் பொதுவான சொத்து. பார்க்கிங் இடமும் பெரும்பாலும் அப்படித்தான். தூண்தளப் பார்க்கிங்கை பில்டர் தனியாக விற்க முடியாது என்று மும்பைக் குடியிருப்பு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. திறந்தவெளிப் பார்க்கிங் பொது இடம் என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் சொல்கிறது. எனவே சங்கத்தின் ஒப்புதல் கேட்பது நியாயம். ஆனால் ஒப்புதல் தருகிற அதிகாரம் என்பது காரணம் சொல்லாமல் கிடப்பில் போடுகிற அதிகாரம் அல்ல. எந்தத் தடத்தில் ஒயர் போக வேண்டும், யார் வேலை செய்ய வேண்டும், செலவு யாருடையது, சேதமானால் யார் சரிசெய்வது என்று நிபந்தனை போடலாம், போடவும் வேண்டும். "பேட்டரி வெடிக்கும் என்று யாரோ சொன்னார்கள்" என்பது மறுப்பதற்கான காரணம் ஆகாது.

பாதுகாப்புக்கு எழுதிவைத்த அளவுகோல் உண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வொரு சார்ஜிங் பாயின்ட்டுக்கும் தனிச் சர்க்யூட் வேண்டும். சாக்கெட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். கசிவு மின்சாரத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி கட்டாயம். எக்ஸ்டென்ஷன் ஒயருக்கு இடமே இல்லை. சென்னை மழையில் பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த 800 மில்லிமீட்டர் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. தாழ்வான தெருவாக இருந்தால் இன்னும் மேலே வையுங்கள்.

சங்கம் உண்மையில் கவலைப்பட வேண்டியது மின்பளுவைப் பற்றி. ஸ்கூட்டர் சார்ஜர் இழுப்பது ஒரு கிலோவாட்டுக்கும் கீழே, மிக்ஸியைப் போலத்தான். 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகும் கார் 3.3 கிலோவாட் வரை இழுக்கும். சுவரில் பொருத்தும் சார்ஜர் பெட்டி 7.2 கிலோவாட் இழுக்கும். அப்படிப்பட்ட பெட்டிகளில் பத்துக் கார்கள் இரவு ஒன்பது மணிக்கு ஒன்றாகச் செருகினால் 72 கிலோவாட். அந்த நேரத்தில் எல்லா வீட்டு ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு ஏழாவது ஆளிடம் "இனி கேபிள் தாங்காது" என்று சொல்வதுதான் பெரிய அநியாயம். ஆகவே முதல் கடிதம் வரும்போதே உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை வைத்துக் கட்டடத்தின் மொத்தப் பளுவைக் கணக்கிடுங்கள். எல்லாப் பார்க்கிங்குக்கும் எட்டும்படி ஒரே கேபிள் தடத்தை இப்போதே போட்டுவிட்டால், பின்னால் வருபவர் ஆளுக்கொரு பக்கம் சுவரை உடைக்க மாட்டார்.

பொது மீட்டரிலிருந்து மட்டும் ஒருவருக்கும் லைன் கொடுக்காதீர்கள். வண்டியே இல்லாத ஓய்வூதியர் மற்றவரின் காருக்கும் சேர்த்துப் பராமரிப்புத் தொகை கட்டும் நிலை அதில்தான் வருகிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு சார்ஜர் வைப்பதென்றால் தனி இணைப்பு வாங்கி, யூனிட் கணக்கில் வசூலிக்க வேண்டும். யூனிட் விலையையும் முறை வைக்கும் நேரத்தையும் பொதுக்குழுத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக் கடிதத்தோடு இணைப்பது நல்லது. இணைப்பு அவர் பெயரில்தான் இருக்கும். புதிதாக வீடு வாங்குபவர்கள் பில்டரிடம் சார்ஜிங் ஏற்பாட்டைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்கு அந்த ஏற்பாடு வேண்டும் என்று 2019-இல் திருத்திய மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் சொல்கின்றன. ஆனால் அது மாதிரி விதிதான். உங்கள் ஊரின் கட்டட அனுமதியில் எவ்வளவு இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் அந்த ஸ்கூட்டர்காரருக்கு ஒப்புதல் கொடுக்க ஒரு பக்கத் தாளும் ஒரு செயற்குழுக் கூட்டமும் போதுமானதாக இருந்தன. அவருடைய மீட்டரிலிருந்து குழாய் வழியாக ஒயர் இறங்கி, தூணில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு சாக்கெட் வந்தது. வேலை அரை நாளில் முடிந்தது.