லைக்குக்கா, விற்பனைக்கா? சமூக ஊடக விளம்பரத்தில் பணம் போடும் முன்

புதிதாக ஒரு பிராண்டைத் தொடங்கி ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவது ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத்தான். இத்தனை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள், லைக் குவிந்திருக்கிறது, ஆனால் ஆர்டர் மட்டும் வரவில்லை, ஏன் என்று கேட்பார்கள். வீடியோ நன்றாகத்தான் இருக்கும். பொருளிலும் குறை இருக்காது. கேம்பெயினைத் தொடங்கும்போது நோக்கம் என்று எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் பலருக்கு நினைவில் இருக்காது. சிலர் பதிவின் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை, அதாவது பணம் கட்டி அந்தப் பதிவையே பலருக்குக் காட்டும் பட்டனை, அழுத்தியதோடு சரி.

சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களுக்கான மெட்டாவின் கருவியில் ஆறு நோக்கங்கள் உண்டு: பிராண்டை அறிமுகப்படுத்துவது, உங்கள் இணையதளத்துக்கு ஆட்களை வரவழைப்பது, ஈடுபாடு, லீட் சேகரிப்பு (ஆர்வம் காட்டுகிறவர்களின் தொடர்பு விவரங்களைப் பெறுவது), ஆப் விளம்பரம், விற்பனை. இதை ஏதோ படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் விளம்பரத்தை யார் கண்ணில் காட்டுவது என்பதையே அந்த ஒரு தேர்வுதான் தீர்மானிக்கிறது. ஈடுபாடு வேண்டும் என்று கேட்டால், எதைப் பார்த்தாலும் லைக் போடும் பழக்கம் உள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். அவர்கள் வாங்குகிறவர்களா என்று அது பார்ப்பதில்லை; நீங்கள் அதைக் கேட்கவும் இல்லை. விற்பனை என்று கேட்டால் வாங்கக்கூடியவர்களைத் தேடும். அந்த ஆட்களுக்காகப் பல பிராண்டுகள் போட்டி போடுவதால் ஆயிரம் பேருக்குக் காட்டும் செலவு கூடும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய், மலிவாகக் கிடைக்கும் லைக்குக்கே திரும்பிவிடுகிறார்கள். மலிவான எண்ணைப் பார்த்து மகிழ்வதைவிட, ஓர் ஆர்டருக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போடுங்கள். படம் உடனே மாறிவிடும்.

அதிகப் பணம் வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார் என்ற எண்ணமும் சரியல்ல. ஒவ்வொரு முறை விளம்பரம் காட்டப்படும்போதும் பின்னணியில் ஓர் ஏலம் நடக்கிறது. அதில் நீங்கள் தரத் தயாராக இருக்கும் தொகையோடு, பார்ப்பவர் நீங்கள் விரும்பும் செயலைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, விளம்பரத்தின் தரம் எப்படி என்பதையும் சேர்த்தே மதிப்பிடுகிறார்கள். பார்ப்பவருக்குப் பொருந்தும் விளம்பரம் குறைந்த செலவில் முன்னால் வந்து நிற்கும்.

அதனால் என் கவலையெல்லாம் இப்போது கிரியேட்டிவைப் பற்றித்தான், அதாவது படமும் வீடியோவும் வாசகமும். முன்பெல்லாம் வயது, ஆர்வம், பழக்கம் என்று பிரித்துப் பிரித்து, யாருக்குக் காட்டுவது என்று டார்கெட் செய்வதிலேயே நேரம் போகும். 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐ.ஓ.எஸ் 14.5 பதிப்பில், பயனர் மற்ற ஆப்களிலும் தளங்களிலும் என்ன செய்கிறார் என்று ஓர் ஆப் கண்காணிக்க வேண்டுமானால் அவரிடம் அனுமதி கேட்டே தீரவேண்டும் என்றாக்கியது. 2022 ஜனவரியில் மெட்டாவும் உடல்நலம், மதம், அரசியல் போன்ற நுட்பமான விஷயங்களை ஒட்டிய பல டார்கெட்டிங் வாய்ப்புகளை எடுத்துவிட்டது. மக்களின் அந்தரங்கத்துக்கு இது நல்லதுதான். விளம்பரம் செய்கிறவர்களுக்கும் இதனால் பெரிய இழப்பில்லை என்பது என் அனுபவம். கூட்டத்தைப் பரவலாக வைத்துவிட்டு, விளம்பரத்தையே ஆளைத் தேர்ந்தெடுக்க விடலாம்.

எப்படி? தண்ணீர் பாட்டில் விற்கும் ஒரு பிராண்ட் என்று வைத்துக்கொள்வோம். "உயர்ந்த தரம், நவீன வடிவமைப்பு, உங்கள் வாழ்க்கைமுறைக்கு ஏற்றது" என்று எழுதினால் அது யாரிடமும் பேசவில்லை. எந்தப் பொருளின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வாசகம் அது. அந்த பாட்டிலை ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களைப் படியுங்கள், முக்கியமாக மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களுடையதை. ஒருவர் பைக்குள் லேப்டாப்போடு சேர்த்து வைத்தும் ஒழுகவில்லை என்று எழுதியிருப்பார். இன்னொருவர் வாய் அகலமாக இருப்பதால் கையை விட்டுக் கழுவ முடிகிறது என்பார். மூன்றாமவர் குழந்தையே மூடியைத் திறந்துவிடுகிறது என்று சந்தோஷப்படுவார். இவை மூன்று தனித்தனி விளம்பரங்கள். மூன்றையும் ஒரே வீடியோவில் திணிக்காதீர்கள். முதல் விளம்பரத்தில், நிரப்பிய பாட்டிலை ஒரு காகிதக் கட்டின் மேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். காகிதம் நனையவில்லை. அதற்கு மேல் வர்ணனை எதற்கு? பையில் லேப்டாப் சுமப்பவர் அங்கே நின்று பார்ப்பார், மற்றவர்கள் தாண்டிப் போவார்கள். யார் நின்றார்கள் என்பதைக் கவனித்து, அவர்களைப் போன்றவர்களைத் தளம் அடுத்தடுத்துத் தேடிக்கொள்ளும்.

அந்தத் தலைகீழ் பாட்டில் வீடியோவின் முதல் ஃபிரேமிலேயே வரவேண்டும். லோகோ சுழன்று வந்து, இசை ஏறி, அப்புறம் பொருளைக் காட்டலாம் என்பது டிவி விளம்பரத்தின் பழக்கம். விரல் அதற்குள் அடுத்த பதிவுக்குப் போயிருக்கும். யூடியூபில் தவிர்க்கக்கூடிய விளம்பரங்களுக்கு 5 நொடியில் ஸ்கிப் பட்டன் வந்துவிடுகிறது. ரீல்ஸில் அந்த 5 நொடி அவகாசம்கூடக் கிடையாது. ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய, ஆகவே பேசுவதை எழுத்திலும் போடுங்கள். 9:16 செங்குத்து வடிவில் எடுங்கள். கணக்கின் பெயர், பட்டன்கள், விளக்கவரி எல்லாம் வந்து உட்காரும் கீழ்ப்பகுதியில் முக்கியமான எழுத்தை வைக்காதீர்கள். நல்ல சலுகை வாசகம் பட்டனுக்கு அடியில் மறைந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

போட்டியாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க மெட்டாவின் விளம்பர நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் எப்போது தொடங்கின என்றும் அதில் தெரியும். மாதக்கணக்கில் ஓடுகிற விளம்பரத்தை ஏன் நிறுத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதை அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். பொருள் செய்யாததை விளம்பரம் சொல்லக் கூடாது. பணம் கொடுத்துப் பேசவைக்கும் இன்ஃப்ளுயன்சர் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பல நாடுகளில் இது விதியாகவே இருக்கிறது. போலி விமர்சனங்களை வாங்குவதும் விற்பதும் அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் தனி விதியின் கீழ் தண்டனைக்குரியது. "குண்டாக இருக்கிறீர்களா?" என்று பார்ப்பவரின் உடலைச் சுட்டும் வாசகத்தை மெட்டா அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் எழுதக் கூடாது என்பேன். ஒருவரைக் கூச வைத்து விற்கும் பொருளை அவர் இரண்டாவது முறை வாங்க வரமாட்டார். நுகர்பொருள் வியாபாரமே அந்த இரண்டாவது முறையில்தான் இருக்கிறது.

விளம்பரம் ஓடத் தொடங்கியதும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். காலையில் பட்ஜெட்டைக் கூட்டி, மாலையில் படத்தை மாற்றி, மறுநாள் நிறுத்திவிடுகிறார்கள். யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்று விளம்பர அமைப்பு கற்றுக்கொள்ளும் கற்றல் கட்டத்தைத் தாண்ட, ஒரு வாரத்தில் சுமார் 50 முடிவுகள், அதாவது ஆர்டர் போல நீங்கள் கேட்ட செயல்கள், தேவை என்று மெட்டா தன் வழிகாட்டுதலில் நெடுநாளாகச் சொல்லி வருகிறது. பெரிய மாற்றம் ஒன்றைச் செய்தாலே அந்தக் கற்றல் முதலிலிருந்து தொடங்கும். சிறிய பட்ஜெட்டைப் பத்துத் துண்டாக்கினால் எந்தத் துண்டும் தேறாது. ஒன்றிரண்டாகச் சேர்த்து ஓட விடுங்கள்.

கடைசியாக, விளம்பரம் எப்படி ஓடியது என்று மெட்டா தரும் அறிக்கை. மூன்று நொடி ஓடினாலே அதை ஒரு வீடியோ வியூவாகக் கணக்கு வைக்கிற அளவுகோல்கள் உண்டு. 2016-ல் ஃபேஸ்புக்கே, வீடியோ பார்க்கப்பட்ட சராசரி நேரத்தை மிகைப்படுத்திக் காட்டிவந்ததாக ஒப்புக்கொண்டது. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் சராசரி எடுத்ததுதான் காரணம். விற்பனை எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மெட்டாவில் வழக்கமான அமைப்பின்படி, விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினாலும், வெறுமனே பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் ஏறும். ஏற்கெனவே உங்கள் தளத்துக்கு வந்து, பொருளைக் கூடையில் போட்டுவிட்டுப் போனவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டினால் அறிக்கை பிரமாதமாக இருக்கும். அவர்களில் எத்தனை பேர் விளம்பரம் இல்லாமலேயே வாங்கியிருப்பார்கள் என்று அறிக்கை சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விற்பனை ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டு, சில வாரங்களுக்கு ஒன்றில் மட்டும் விளம்பரத்தை ஓட்டுங்கள், மற்றதில் நிறுத்திவையுங்கள். மெட்டாவின் அறிக்கையை மூடிவிட்டு, உங்கள் பில் கணக்கிலிருந்து இரண்டு பகுதிகளின் விற்பனையையும் எடுத்துப் பாருங்கள். விளம்பரம் ஓடிய பகுதியில் கூடுதலாக வந்த லாபம் விளம்பரச் செலவை ஈடுகட்டியதா என்று பார்த்துவிட்டு, அடுத்த மாத பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம்.