கன்சிஸ்டென்சி என்றால் நிலைத்தன்மையா?

தீ போன்ற பேரிடருக்குப் பின் கணினித் தரவை மீட்பது பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில், ‘டேட்டா கன்சிஸ்டென்சி’க்கு ஈடாகத் ‘தரவு நிலைத்தன்மை’ என்ற தொடர் ஓயாமல் வருகிறது. ‘கன்சிஸ்டென்சி குரூப்’ என்பதையும் ‘நிலைத்தன்மைக் குழு’ என்று எழுதிவிடுகிறார்கள். இது நடைக்குறை அல்ல, பொருட்பிழை.

லத்தீனில் ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘சிஸ்தெரே’ என்றால் நிற்றல். நம்மவர்கள் நிற்றலை வைத்துக்கொண்டு சேர்தலைக் கைவிட்டார்கள்.

ஒரு மட்டையாளர் தொடர் முழுவதும் ஒரே சீராக ரன் எடுத்தால் ‘நிலையான ஆட்டம்’ என்கிறோம். அங்கே சொல் பொருந்துகிறது, ஏனெனில் பேச்சு காலப்போக்கில் மாறாமை பற்றியது. சேமிப்பகத்துத் தரவோ ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருப்பது, மாறுவதற்காகவே இருப்பது. அங்கே எழும் கேள்வி வேறு: ஒரு குறிப்பிட்ட கணத்தில் பல வால்யூம்களில் (சேமிப்பகத்தின் தனித்தனிப் பகுதிகளில்) இருப்பவை ஒன்றுக்கொன்று முரணில்லாமல் இருக்கின்றனவா?

ஒரு வங்கியின் தரவுத்தளத்தைப் பாருங்கள். பணம் மாறும்போது மூன்று பதிவுகள் நடப்பதாகக் கொள்வோம். ‘இதை மாற்றப்போகிறேன்’ என்று, நடப்பவற்றைக் குறித்துவைக்கும் லாக் வால்யூமில் ஒன்று. கணக்கில் உண்மையான மாற்றம் டேட்டா வால்யூமில் ஒன்று. ‘மாற்றிவிட்டேன்’ என்று மறுபடி லாக்கில் ஒன்று. முன்னது முடிந்த பிறகே பின்னது. இரண்டு வால்யூம்களும் தொலைவிலுள்ள மையத்துக்கு மிரர் ஆகின்றன, அதாவது அங்கே உடனுக்குடன் நகலாகின்றன. தீ பிடிக்கிறது. தீ எல்லாவற்றையும் ஒரே நொடியில் அழிப்பதில்லை. முதலில் டேட்டா வால்யூமின் இணைப்பு மட்டும் அறுகிறது. லாக்கின் இணைப்பு இன்னும் சற்று நேரம் உயிரோடு இருக்கிறது. இப்போது மறுபக்கத்தில் ‘மாற்றிவிட்டேன்’ இருக்கிறது, மாற்றம் இல்லை. அங்கே தரவுத்தளத்தை எழுப்பினால் அது லாக்கை நம்பும்; பிழை சத்தமின்றி உள்ளே தங்கிவிடும்.

இதைத் தடுக்கத்தான் கன்சிஸ்டென்சி குரூப். குழுவில் ஒரு வால்யூமின் மிரர் அறுந்தால், மற்ற எல்லா மிரர்களும் அதே புள்ளியில் நிறுத்தப்படும். ஐபிஎம்மின் மெயின்பிரேம் எனும் பெருங்கணினிகளில் இதைச் செய்யும் கட்டளையின் பெயரே ‘ஃப்ரீஸ்’. நகல் சற்றுப் பழையதாக இருக்கலாம், தனக்குள் முரண்படாது. திடீரென மின்சாரம் போன கணினியை மறுபடி இயக்குவதுபோலத் தரவுத்தளம் எழுந்து, அரைகுறை வேலைகளைத் தானே நீக்கிக்கொள்ளும்.

இன்னொரு சாரார் ‘ஒத்திசைவு’ என்கிறார்கள். அது சிங்க்ரனைசேஷனுக்கு உரிய சொல்; மூலமும் நகலும் சமமாக இருப்பதைச் சொல்வது. கன்சிஸ்டென்சியோ நகலில் உள்ள வால்யூம்கள் தங்களுக்குள் கொள்ளும் உறவு. மேலே சொன்ன நிறுத்தத்துக்குப் பிறகு நகல் ஒத்திசைவை இழந்திருக்கும், ஆனால் கன்சிஸ்டென்டாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், அந்த மிக முக்கியமான வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது!

நிலைத்தன்மையில் வேறொரு சிக்கலும் உண்டு. தரவுத்தளப் பரிவர்த்தனைக்கு இருக்க வேண்டியவை என 1983இல் ஹெர்டரும் ராய்ட்டரும் பெயரிட்ட ‘ஆசிட்’ பண்புகள் நான்கில் கன்சிஸ்டென்சியும் உண்டு, டியூரபிலிட்டியும் உண்டு. எழுதி உறுதிசெய்தது அழியாமல் நிற்பது பின்னது. நிலைத்தன்மை என்ற சொல் உண்மையில் அதற்குத்தான் சேர வேண்டும். அதை இங்கே செலவழித்துவிட்டு, அங்கே என்ன சொல்வார்கள்? அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள் பக்கத்துச் சொல்லைப் பார்ப்பதில்லை. துறையில் வேலை செய்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்பதுமில்லை.

சரியான சொல் பள்ளிக் கணிதத்திலேயே இருக்கிறது. தீர்வுள்ள சமன்பாட்டுத் தொகுப்பை ‘ஒருங்கமைவு உடையது’ என்றும், ஒன்றையொன்று மறுக்கும் தொகுப்பை ‘ஒருங்கமைவு அற்றது’ என்றும் தமிழ்வழி மாணவர்கள் படிக்கிறார்கள். ‘விடல்வேண்டும் வேண்டிய எல்லாம் ஒருங்கு’ என்ற குறளில் ஒருங்கு என்பது ‘ஒருசேர’. எல்லா மிரர்களையும் ஒருசேர நிறுத்தும் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை. ‘முரணின்மை’யும் தவறல்ல, ஆனால் எதிர்மறைச் சொல்லிலிருந்து தொடர்கள் ஆக்குவது கடினம். ஒருங்கமைவுத் தொகுதி, ஒருங்கமைந்த நகல், ஒருங்கமைவு குலைந்த நகல் என்று இது தடையின்றி விரிகிறது. ‘குழு’ ஆட்களுக்கு இருக்கட்டும். வால்யூம்களுக்குத் ‘தொகுதி’ போதும்.