ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா?

"அம்மா பேப்பர் படிக்கிறதையே விட்டுட்டாங்க. மறதி வந்துடுச்சுன்னு நினைக்கிறேன்." சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீட்டுக்கு முதல்முறை போனபோது மகள் வாசலிலேயே சொன்னது இது.

நான் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட். குளிப்பது, சமைப்பது, நடமாடுவது போன்ற அன்றாட வேலைகளை முதியவர்கள் தாங்களே செய்துகொள்ள உதவுவது என் தொழில். வாசிப்பும் அந்த வரிசையில் சேரும் என்பது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின.

அந்த அம்மாவிடம் அன்றைய பேப்பரைக் கொடுத்தேன். 'கோடு' என்பதைக் 'கொடு' என்று வாசித்தார். வாக்கியம் பொருந்தவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மூன்றாம் முறை, "மண்டையில ஏற மாட்டேங்குது" என்று மடித்து வைத்துவிட்டார். அடுத்த வாரம் அதே செய்தியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஜன்னலோரம் உட்காரவைத்துக் கொடுத்தேன். தடுமாறாமல் வாசித்தார். விலைவாசியைப் பற்றி என்னோடு வாதாடவும் செய்தார். கண் மருத்துவரிடம் அனுப்பியதில், இரண்டு கண்களிலும் புரை இருந்தது.

தமிழ் எழுத்து கண்ணிடம் நிறைய கேட்கிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழிதான். மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் சொல்லே மாறிவிடும். புத்தகங்களில் வழக்கமாக வரும் 11 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் இந்தச் சுழியும் புள்ளியும்தான் முதலில் காணாமல் போகின்றன. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து நூல் என்றால் 16 புள்ளிக்கு மேல் இருக்கும். தமிழுக்கு 18-க்குக் குறையக் கூடாது என்பது என் அனுபவம். நூலகத்தில் ஆங்கிலத்திலும் சீனத்திலும் பெரிய எழுத்து நூல்கள் கிடைக்கின்றன. தமிழில் தேடி அலைய வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று: ஏ4 பக்கத்தை ஏ3 தாளில் நகலெடுத்தால் எழுத்து சுமார் 1.4 மடங்காகும், 11 புள்ளி 15-ஐத் தாண்டிவிடும்.

வெளிச்சமும் முக்கியம். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். கூடத்தின் நடுவில் எரியும் ஒரே குழல்விளக்கு பேரனுக்குப் போதும், தாத்தாவுக்குப் போதாது. தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின் மேல் விழும்படி ஒரு மேசைவிளக்கு வையுங்கள். பளபளப்பான தாள் கூசும். கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்கு நீளமாக வெட்டி, அந்த இடைவெளி வழியாக வாசித்தால் வரி தவறாது. கை நடுங்குபவர்களுக்குப் பாட்டி காலத்துச் சிக்குப்பலகை போல ஒன்றில் புத்தகத்தை விரித்து வைக்கலாம்.

எல்லாருக்கும் எழுத்தைப் பெரிதாக்கினால் சரியாகிவிடாது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவருக்குப் பார்க்க நினைக்கும் சொல்லே மறைந்துபோகும். கண் நீரழுத்தம் முற்றியவருக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்விடும். மிகப் பெரிய எழுத்து அவருக்கு இன்னும் தொல்லை. நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம், அதுவும் விழித்திரையைக் கெடுக்கும். அதனால் முதலில் கண் பரிசோதனை. கண்ணாடி போட்டும் போதாதவர்களுக்கு, தோ பாயோ ரைஸில் இருக்கும் பார்வைக் குறையுள்ளோர் சங்கத்தில் உதவி கிடைக்கும்.

சரி, உண்மையிலேயே முதுமை மறதி இருந்தால்? சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாக மனநலக் கழகத்தின் ஆய்வு சொன்னது. அவர்களில் பலரால் நீண்ட காலம் சத்தமாக வாசிக்க முடியும். நழுவுவது கதையின் இழை. முந்தின பக்கம் நினைவில் நிற்காது. எனவே ஒவ்வொரு பக்கமும் தன்னளவில் முடிய வேண்டும்: ஒரு படம், அதன் கீழ் ஓரிரு வரிகள், அவ்வளவுதான். இதற்காகக் குழந்தைப் புத்தகத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். 80 வயது மனிதர் கையில் முயல் ஆமைப் படத்தைக் கொடுக்கும்போது அவர் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு அவர் மகனும் நானும் ஒரு புத்தகம் செய்தோம். குடும்பப் படங்கள் பத்து, தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் தேடியெடுத்த பழைய படங்கள் பத்து. வரிகளை அவரே சொன்னார். வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் படத்தைக் காட்டிக் காட்டி அவரைப் பேசவைத்துவிடுவார்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். அதற்கு முன் படித்தவர்கள் 'லை', 'னை' போன்றவற்றை முன்னால் தும்பிக்கை போட்டு எழுதியவர்கள். மறதி கூடும்போது சிலர் அந்த வடிவத்துக்கே திரும்பிப் போகிறார்கள். ஒரு மகன் அதைப் பிழை என்று நினைத்துச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தார். அது அம்மா முதலில் கற்ற எழுத்து என்று சொன்னதும் பேனாவை மூடிவிட்டார்.

கண் ஒத்துழைக்காவிட்டால் காது இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் தமிழில் வாசித்துக்காட்டும் குரல் உண்டு. சிங்கப்பூரர்களின் நினைவுகளைப் பேட்டி கண்டு பதிவுசெய்ய 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில் தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. தங்கள் தலைமுறைக்காரர் பேசுவதைக் கேட்டால் பெரியவர்களுக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. நூலக வாரியத்தின் தமிழ் மின்னூல்களில் எழுத்தளவை மாற்ற முடிகிறவையாகப் பார்த்து எடுங்கள். 2015-இல் வெளிவந்த மின் மரபுடைமைத் தொகுப்பில் நூற்றுக்கணக்கான சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் இருக்கின்றன. ஆனால் அவை பக்கத்தைப் படம்பிடித்தவை. விரலால் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். பெரிய கைக்கணினியில் திறந்தால் ஓரளவு தேவலை.

இங்கே நூல் வெளியிடும் எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த நூலுக்கு இருபது பிரதிகளையாவது 18 புள்ளியில், பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். உங்கள் வெளியீட்டு விழாவுக்குச் சீக்கிரமே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் அவற்றைக் கொடுங்கள்.