பதின்மூன்றாம் சேனலும் அமெரிக்க லேப்டாப்பும்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகள் லீவுக்கு வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு புது லேப்டாப் வாங்கி வந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டு வைஃபை மட்டும் கிடைக்கவில்லை. பக்கத்து ஃபிளாட், மேல்மாடி, எதிர் விங் என்று சொசைட்டியில் உள்ள அத்தனை பேர் வைஃபையும் பட்டியலில் வருகிறது. சொந்த வீட்டுப் பெயரைக் காணோம். அதே மேஜைமேல் கிடக்கும் போன்களில் அதே வைஃபை ஜோராக ஓடுகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில நாள் பெயர் தெரிகிறது, பிறகு மறைந்துவிடுகிறது. ரவுட்டர், இணைப்போடு வந்த பழையது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். இன்டர்நெட்காரர் வந்து பார்த்துவிட்டு, லேப்டாப்தான் ரிப்பேர் என்று சொல்லிப் போய்விட்டாராம். மகள் திரும்பும்போது கொடுத்தனுப்பி மாற்றச் சொல்லலாமா?

வேண்டாம் சார். கொஞ்சம் பொறுங்கள்.

வைஃபை வரவில்லை என்றால் முதலில் கேட்கவேண்டியது, எந்தப் படியில் நிற்கிறது என்பதைத்தான். பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது என்றால் முக்கால்வாசி எழுத்துப்பிழை. மிச்சத்தில் சில, பழைய ரவுட்டரின் பாதுகாப்பு முறையும் புது லேப்டாப் எதிர்பார்க்கும் முறையும் ஒத்துப்போகாததால் வருவது. இணைந்துவிட்டது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்றால் ஐபி முகவரியை, அதாவது ரவுட்டர் லேப்டாப்புக்குக் கொடுக்கும் எண்ணை, பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். முகவரி சரியாக இருந்தும் பக்கங்கள் திறக்கவில்லையா, லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள். அது தப்பாக இருந்தால் இணையதளங்களின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் அடம்பிடிக்கும். இவையெல்லாம் ஒரு போன் காலில் தீர்கிற விவகாரங்கள். அண்டை வீடுகளெல்லாம் தெரிந்து, நம் வீடு மட்டும் தெரியாமல்போவது வேறு ரகம். எனக்கு மிகவும் பிடித்த ரகமும் அதுதான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்கிறோமே, அது ஒற்றை அதிர்வெண் அல்ல. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு பட்டை. அதற்குள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் சேனல்களைப் பிரித்திருக்கிறார்கள். முதல் சேனலின் நடு 2412, ஆறாவது 2437, பதினொன்றாவது 2462, பதின்மூன்றாவது 2472. ஒவ்வொரு சேனலும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்கும் என்பதால் அடுத்தடுத்த சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். உரசாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்துபவை 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மும்பையில் ஒரு மாடிக்கு ஆறு ஃபிளாட், ஃபிளாட்டுக்கு ஒரு ரவுட்டர் என்றால் அந்த மூன்றும் என்ன கதிக்கு ஆளாகும் என்று சொல்லவேண்டியதில்லை. இந்தியாவில் இந்தப் பட்டை முழுவதையும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005இல் அரசாணை வந்துவிட்டது. ஆகவே இங்கே 12, 13ஆம் சேனல்களும் நமக்கு உண்டு. ‘ஆட்டோ’வில் விடப்பட்ட ரவுட்டர் மின்சாரம் வந்து எழுந்ததும் சுற்றிலும் மோப்பம் பிடித்து, எது காலியோ அதில் போய் உட்காரும். சில கட்டடங்களில் அந்தக் காலியிடம் பதின்மூன்றாக இருக்கும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. பதின்மூன்றாவது சேனலின் மேல் விளிம்பு 2482. பட்டையின் எல்லை 2483.5. நடுவில் ஒன்றரை மெகாஹெர்ட்ஸ்தான் இடம். எல்லைக்கு அந்தப் பக்கம் செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவை இருக்கிறது. அங்கே துளி கசிந்தாலும் அந்நாட்டு விதிகள் விடாது. அமெரிக்காவில் 12, 13 ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டவை அல்ல. ஆனால் அந்தக் கசிவு வரம்புக்குள் நிற்க ஆற்றலை வெகுவாகக் குறைக்கவேண்டும். தலைவலி வேண்டாமென்று அமெரிக்கச் சந்தைக்குச் செய்யும் கம்பெனிகள் பதினொன்றோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

இப்போது உங்கள் மகள் கொண்டுவந்த லேப்டாப்பின் நிலையிலிருந்து யோசியுங்கள். அது செம்பூரில் கண்விழிக்கிறது. இது எந்த நாடு, எந்தச் சேனலில் பேசினால் குற்றமில்லை? அதற்கு எப்படித் தெரியும்? விண்டோஸில் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்தத் தேர்வு தேதியையும் ரூபாய்க் குறியையும் மாற்றும். ரேடியோவுக்கு அந்தச் செய்தி போகாது. பயனர் இஷ்டத்துக்கு நாடு மாற்றிச் சட்டத்தை ஏமாற்றிவிடக் கூடாது என்பதால், வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

பிறகு எப்படி? புது ஊரில் ரயிலை விட்டு இறங்கிய ஆள், சுற்றிலும் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று காதுகொடுத்துவிட்டு அப்புறம் வாயைத் திறப்பதுபோல, லேப்டாப் கேட்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் இருப்பை ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. 102.4 மில்லிநொடிக்கு ஒரு தடவை, அதாவது நொடிக்குச் சுமார் பத்து முறை, ‘பீக்கன்’ என்கிற சிறு செய்தியைக் காற்றில் விடுகிறது. நாம் பட்டியலில் பார்க்கும் பெயர் அந்தச் செய்தியில் ஒரு சின்னப் பங்குதான். என்ன வேகங்களில் பேசுவேன், என்ன பாதுகாப்பு முறை, என் கடிகாரம் இப்போது என்ன காட்டுகிறது என்றெல்லாம் அதற்குள் இருக்கும். அவற்றோடு, 2001இல் சேர்க்கப்பட்ட ஒரு பகுதி நாட்டைச் சொல்கிறது. முதலில் ‘ஐ’, ‘என்’ என்று இந்தியாவின் இரண்டு எழுத்துக் குறி. மூன்றாவது இடத்தில், இந்த விதிகள் வீட்டுக்குள்ளா வெளியிலா, இரண்டுக்குமா என்ற குறிப்பு. அடுத்து மூன்று எண்கள்: எந்தச் சேனலில் தொடங்கலாம், எத்தனை சேனல், அதிகபட்ச ஆற்றல் எவ்வளவு. ஒரு நாட்டின் அலைக்கற்றைச் சட்டம் சில பைட்டுகளில் அடங்கி, நொடிக்குப் பத்துத் தடவை உங்கள் ஹாலில் பரவிக்கொண்டிருக்கிறது! யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

கேட்பதிலும் இரண்டு வகை உண்டு. சந்தேகமில்லாத சேனல்களில் லேப்டாப் தானே “யாராவது இருக்கிறீர்களா?” என்று குரல் கொடுக்கும், ரவுட்டர்கள் சில மில்லிநொடிக்குள் பதில் சொல்லிவிடும். வேலை சீக்கிரம் முடியும், பேட்டரியும் மிச்சம். சந்தேகமான சேனலில் குரல் கொடுக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு, பீக்கன் வந்து காதில் விழும்வரை நூறு மில்லிநொடிக்கு மேல் காத்திருக்கவேண்டும். எந்த நாட்டுக்கும் பொதுவாக அமைத்த சிப்கள் 12, 13இல் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. அங்கே ஒரு பீக்கன் காதில் விழுந்துவிட்டால், இங்கே ஏற்கெனவே ஒருவர் பேசுகிறார், நாமும் பேசலாம் என்று தைரியம் வரும். விழாவிட்டால் அந்தப் பெயர் பட்டியலில் வராது. சில சமயம் தலைகாட்டி மறையும். அமெரிக்காவுக்கென்றே பூட்டிய சிப் இன்னும் கறார். பீக்கன் என்ன சொன்னாலும் தன் வரம்பைக் கூட்டிக்கொள்ளாது, பதினொன்றுக்கு மேல் கதவையே திறக்காது. அப்படிப்பட்ட லேப்டாப் ரவுட்டரை ஒட்டி இருந்தாலும் பெயரைக் காட்டாது.

அப்படியானால் போன்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? அவை செல் டவரைக் கேட்கின்றன. ஒவ்வொரு டவரும் தன் நாட்டு எண்ணை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். இந்தியாவுக்கு 404, 405. இதைப் படிக்க சிம் கூட வேண்டாம். சான்பிரான்சிஸ்கோவில் வாங்கிய போன் சகார் விமான நிலையத்தில் ஏரோப்ளேன் மோடிலிருந்து வெளியே வந்ததுமே இது இந்தியா என்று புரிந்துகொள்கிறது. லேப்டாப்புக்கு அந்த வசதி இல்லை, அண்டை அயலார் சொல்வதுதான் வேதவாக்கு.

அண்டை அயலாரும் எப்போதும் உண்மை சொல்வதில்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும்போது ரவுட்டரையும் பெட்டியில் போட்டு எடுத்துவந்தவர்கள் நம் சொசைட்டிகளில் நிறைய. அந்த ரவுட்டர் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, இது இன்னும் அந்த ஊர்தான் என்று சாதிக்கும். இப்படி முரண்பட்ட நாட்டுக்குறிகள் காதில் விழுந்தால் ஆப்பிள் கணினிகளின் வயர்லெஸ் பரிசோதனைக் கருவி அதையே ஒரு கோளாறாக எழுதிக்காட்டியதுண்டு.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறதே, அதன் ரகசியமும் இதுதான். ஒவ்வொரு தடவை எழும்போதும் அது புதிதாகச் சேனல் தேர்ந்தெடுக்கிறது. ஆறிலோ பதினொன்றிலோ விழுந்தால் லேப்டாப்புக்குத் தெரியும். மறுபடி பதின்மூன்றுக்கு நகர்ந்தால் மறையும். காரணம் தெரியாதவரை இது ஒரு சடங்காகவே இருக்கும், சடங்கு பலிக்கும்போது அதன்மேல் நம்பிக்கை ஏறும். ஆயுதபூஜைக்கு ரவுட்டருக்குக் குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அலைகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ‘கதிர்வீச்சைக் குறைக்கும்’ ஸ்டிக்கர் என்று காசு வாங்கும் ஆட்களை என்னால் பொறுக்க முடியாது. 2020இல் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் என்ற அரசு அமைப்பே சாணத்தில் செய்த சிப்பை மேடையில் காட்டி, போன் கதிர்வீச்சைக் குறைக்கும் என்றது. சிக்னலை உண்மையாகவே தடுக்கும் பொருளைப் போனில் ஒட்டினால் பேச முடியாது. பேச முடிகிறதென்றால் அது ஒன்றையும் தடுக்கவில்லை. பள்ளிக்கூடப் பையனுக்குப் புரியும் இந்த வாதம் அந்த மேடைக்கு எட்டவில்லை.

மும்பைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். சுவரில் பட்டுத் தெறித்துக் குழம்பிவரும் அலைகளைப் பிரித்துப் படிக்கும் உத்தி வைஃபையின் முக்கியமான பகுதி. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜான் ஓ’சல்லிவன் குழு 1990களில் அதற்குக் காப்புரிமை எடுத்தது. அதற்கு முன்பு அவர் தேடியது, வெடிக்கும் சின்னஞ்சிறு கருந்துளைகளின் ரேடியோத் துடிப்பை. கருந்துளை சிக்கவில்லை, அந்தத் தேடலில் பழகிய கணிதம் உதவியது. காப்புரிமை வழக்குகளில் அந்த நிறுவனத்துக்கு 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் கிடைத்தது. இதே நிறுவனம்தான் அதற்கும் முன்னால், தனக்கு வேண்டாமற்போன 32 சிறு டிஷ் ஆன்டெனாக்களை இந்தியாவுக்குத் தானமாகக் கொடுத்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் அவற்றை 1965இல் மும்பைக்குப் பக்கத்தில், நம் கல்யாணில் நிறுவி, சூரியனை ஆராய்ந்தார். அந்தக் குழுதான் பிறகு ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கியை எழுப்பியது. அப்படிப்பட்ட ஆட்கள் இருந்த நாடு, 2020-21 கணக்குப்படி ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். கருந்துளையைத் தேடி என்ன லாபம் என்று கேட்கும் அதிகாரிகளின் வீட்டிலும் வைஃபை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, செம்பூருக்கு வருவோம். பெயர் மறைந்திருக்கும் நேரத்தில் ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது ஒரு வைஃபை அலசும் ஆப்பைத் திறந்து உங்கள் ரவுட்டர் எந்தச் சேனலில் இருக்கிறது என்று பாருங்கள். 12 அல்லது 13 என்று வந்தால் திருடன் பிடிபட்டான். வேறு எண் வந்தால் என் ஊகம் தவறு. போனை யுஎஸ்பி வயரில் லேப்டாப்போடு இணைத்து அதன் இன்டர்நெட்டில் வைஃபை சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். பதின்மூன்றுதான் என்றால், போனின் பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் பக்கத்துக்குப் போங்கள். யூசர்நேம், பாஸ்வேர்ட் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். வயர்லெஸ் பகுதியில் சேனல் ‘ஆட்டோ’ என்று இருப்பதை 1, 6, 11இல் எது நெரிசல் குறைவோ அதற்கு மாற்றுங்கள்; அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். நாடு இந்தியா என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிக்னல் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே வேறு நாட்டைப் போடாதீர்கள். இன்னொரு வீட்டு லேப்டாப் அதைக் கேட்டுக் குழம்பும். இன்டர்நெட்காரர் அடுத்த தடவை வந்து ரீசெட் பட்டனை அழுத்தினால் எல்லாம் மறுபடி ஆட்டோவுக்குப் போய்விடும், ஆகவே எந்தச் சேனல் வைத்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரவுட்டர் முதுகில் ஒட்டிவையுங்கள்.