மிங்: சொல்லும் பொருளும்

கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கின் பெயரில் 'யாவ்' குடும்பப் பெயர். சீனர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். பெற்றோர் வைத்தது 'மிங்'. கேள்வி கேட்பதுபோல் குரலைச் சற்று ஏற்றிச் சொல்ல வேண்டும்.

மிங்கை எழுதும் சீன எழுத்தில் இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நிலா, மொத்தம் 8 கோடுகள். இரண்டும் சேர்ந்தால் ஒளி. பலரும் சொல்லும் இந்த விளக்கம் தவறில்லை, ஆனால் பாதிக் கதைதான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், சீனாவை ஆண்ட ஷாங் மரபு அரசர்கள் குறி கேட்க ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் பொறித்த எழுத்துகளில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. அங்கே சூரியனுக்குப் பதில் ஒரு சாளரம், பக்கத்தில் பிறை. இருட்டறைக்குள் விழும் நிலா வெளிச்சம்! கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த எழுத்தகராதி இந்தச் சாளர வடிவத்தைத்தான் முதன்மையாகத் தருகிறது. சூரிய வடிவத்தைப் பழைய எழுத்து என்று அடுத்துக் குறிக்கிறது. எனக்குப் பிடித்ததும் சாளரம்தான். தெரியாமல் கிடந்தது தெரியவருவது அந்தப் படத்திலேயே இருக்கிறது.

மிங்கின் பொருளும் அப்படித்தான் விரிகிறது. 'மிங்பாய்' என்றால் புரிந்தது. 'மிங்தியன்' என்றால் நாளை, இனி விடியப்போகும் நாள். சீனா மூன்று அரசுகளாகப் பிரிந்திருந்த காலத்து அமைச்சர் ஜூகே லியாங்கின் இயற்பெயரான லியாங்குக்கும் ஒளி என்றே பொருள். பெரியவரானதும் அதற்கு இணையாகச் சூட்டிய பெயர் கொங்மிங், அதாவது பேரொளி. 1368இல் தொடங்கிய மிங் அரசமரபின் பெயரும் இதே எழுத்து. நாடு மாறியபோது ஒலி மாறியது: வியட்நாமில் மின் (ஹோ சி மின்), கொரியாவில் மியோங், ஜப்பானில் அகிரா. இயக்குநர் அகிரா குரோசாவாவின் பெயரில் இருப்பது இந்த எழுத்துதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மிங்' என்று ஒலிக்கும் பெயரெல்லாம் இதுவாகிவிடாது. பொறிப்பைக் குறிக்கும் வேறொரு மிங்கும் பெயர்களில் வரும். எழுத்தைப் பார்த்த பிறகே பொருள் சொல்ல வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பிரகாசம்' என்று எழுதினால் வெளிச்சம் மட்டும் வருகிறது, புரிதல் விட்டுப்போகிறது. வினையாக வேண்டுமென்றால் 'விளங்கு' அப்படியே பொருந்தும்: சுடரும் விளங்கும், பாடமும் விளங்கும். ஆட்பெயருக்கு 'அறிவொளி' என்பேன். நம்மிடம் ஏற்கெனவே வழங்கும் பெயர். மிங்கைப் போலவே ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கலாம்.