மட்கார்டில் அப்பிய மண்: காட்டுச் சேற்றில் பைக் ரேஸ் ஓடுவது எப்படி?

கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டுப் பாதையில் மழை பெய்த மறுநாள் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? வழுக்கி விழுவதெல்லாம் அப்புறம்தான், முதலில் சக்கரமே சுற்றாது. டயரில் ஒட்டிய மண் மட்கார்டுக்குள் போய் இறுகி, யாரோ பிரேக்கைப் பிடித்துக்கொண்ட மாதிரி வண்டி நின்றுவிடும். ஒருமுறை அரைக் கிலோமீட்டர் போவதற்குள் நாலு தடவை இறங்கி, கருவேலங்குச்சியால் மண்ணைக் குத்திக் குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தேதான் வீடு போய்ச் சேர்ந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

அமெரிக்காவில் இதே மாதிரிச் சகதியில், அதுவும் மரங்களுக்கு நடுவே, மூன்று மணி நேரம் விடாமல் ரேஸ் ஓட்டுகிறார்கள். கிராண்ட் நேஷனல் கிராஸ் கன்ட்ரி, சுருக்கமாக ஜிஎன்சிசி. 1979ல் தொடங்கிய தொடர் இது. அதற்கு முன்னோடி, டேவ் கூம்ப்ஸ் என்பவர் 1975ல் மேற்கு வர்ஜீனியாவில் டேவிஸ் என்ற சின்ன ஊரில் ஆரம்பித்த பிளாக்வாட்டர் 100. சதுப்பு, ஆறு, காடு எல்லாம் சேர்ந்து 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். ஜிஎன்சிசியில் இன்றும் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக நிற்க வேண்டும், கொடி அசைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யலாம். மழை நாளில் முதல் சுற்று முடிவதற்குள் எது யார் வண்டி என்றே தெரியாது, எல்லாம் ஒரே மண் கலர்.

என் வண்டி நின்ற இடத்தில் அவர்கள் வண்டி எப்படி ஓடுகிறது என்பதுதான் விஷயம். இன்ஜின் பவர்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது சின்னப் பங்குதான். மண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

களிமண் துகள் ஒன்று 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது. மணல் மாதிரி உருண்டையாக இருக்காது, தட்டையான செதில். செதிலின் மேல்பரப்பில் இருக்கும் மின்னூட்டம் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்பதைப் பொறுத்து ஒரே மண் மூன்று விதமாக நடந்துகொள்ளும். கொஞ்சம் ஈரம் இருந்தால் உதிரும், அளவாக இருந்தால் பிசைந்த மாவு மாதிரி ஒட்டும், அதிகமானால் கூழாக ஓடும். மாவு எங்கே தொடங்குகிறது, கூழ் எங்கே தொடங்குகிறது என்று அளந்து சொல்ல 1911லேயே ஸ்வீடன்காரர் ஆல்பர்ட் ஆட்டர்பெர்க் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டடத்துக்கு மண் பரிசோதனை செய்யும் லேப்களில் இன்றும் அவர் பெயரில்தான் அந்தச் சோதனை நடக்கிறது.

இதிலிருந்து வரும் ஒரு விஷயம் கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மழை கொட்டிக்கொண்டே இருக்கும் ரேஸை விட, மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் ரேஸ்தான் மோசம். கொட்டும்போது சேறு கூழாக இருக்கும், தெறிக்கும், வழியும், போய்விடும். காயத் தொடங்கும்போதுதான் மாவுப் பதத்துக்கு வந்து அப்பிக்கொள்ளும். என் கரிசல் பாதையும் மறுநாள்தானே என்னைக் கவிழ்த்தது.

அடுத்து, பாதை சும்மா இருப்பதில்லை. சனிக்கிழமை நாலு சக்கர ஏடிவிக்கள் ஓடும், ஞாயிறு காலையில் அமெச்சூர்கள், முன்னணி வீரர்கள் மதியம்தான். அதற்குள் இலைச்சருகும் சல்லிவேரும் பின்னியிருந்த மேல்போர்வை கிழிந்து, கீழே இருக்கும் களிமண் கலங்கிப் போயிருக்கும். நாற்று நடுவதற்கு முன் வயலில் தொளி அடிக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதேதான் இது. கலக்கக் கலக்க மண்ணின் கட்டுமானம் உடையும், தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். வயலுக்கு வேண்டியது அது, ரேஸ்காரருக்குச் சனியன் அது.

இப்போது பிடிமானம். தார் ரோட்டில் எடை கூடினால் பிடிப்பும் கூடும், அது உராய்வு. தண்ணீரில் ஊறிய களிமண்ணில் அந்தக் கணக்கு செல்லாது. மேலிருந்து அழுத்தினால் அந்தச் சுமையை மண் துகள்கள் வாங்கிக்கொள்வதற்கு முன் இடையில் இருக்கும் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், தண்ணீருக்கு அறுபடாமல் நிற்கும் வலு கிடையாது. கார்ல் டெர்சாகி 1920களில் விளக்கிய விஷயம் இது, மண் பொறியியலுக்கே அஸ்திவாரம். பின்சக்கரத்தின் மேல் எவ்வளவுதான் அழுத்தி உட்கார்ந்தாலும் தொளியில் பெரிதாக லாபம் இல்லை. இரண்டே வழி: அதிகப் பரப்பில் மண்ணைக் கவ்வ வேண்டும், இல்லையென்றால் கிழித்துக்கொண்டு இறங்கி அடியில் இருக்கும் கெட்டி மண்ணைத் தொட வேண்டும். வயலில் டிராக்டருக்கு இரும்பு கேஜ் வீல் மாட்டுகிறோமே, அது மண்ணைக் கவ்வுகிற வேலையைத்தான் செய்கிறது. பைக்கில் அந்த வேலை பட்டன் டயருக்கு. ஒவ்வொரு பட்டனும் ஒரு சின்ன மண்வெட்டி மாதிரி மண்ணில் இறங்கி, பின்னால் இருக்கும் மண்ணை முட்டி வண்டியைத் தள்ளும். சேற்றுக்கான டயரில் பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கும்.

ஏன் தள்ளித் தள்ளி? பட்டன்களுக்கு நடுவே மண் அடைத்துவிட்டால் டயர் வழவழப்பான உருளை ஆகிவிடும், மண்வெட்டி எல்லாம் காணாமல் போகும். அடைத்த மண் வெளியே போக வேண்டும். அதைத் தூக்கி எறிவது சக்கரத்தின் வேகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் ஆரம் சுமார் 33 சென்டிமீட்டர். டயரின் விளிம்பு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால், அதில் ஒட்டிய மண்ணை வெளியே பிய்க்கும் விசை புவியீர்ப்பைப் போல ஒன்பது பத்து மடங்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால் சுமார் 85 மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும், அதுதான் இதன் சூட்சுமம். 10 கிராம் மண்கட்டி முதல் வேகத்தில் 100 கிராம் பாரம் மாதிரித் தொங்கும், ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வேகத்தில் அதுவே முக்கால் கிலோவுக்கு மேல் பாரமாக இழுக்கும், தாங்காமல் பறந்துவிடும். பின்னால் வருகிறவர் முகத்துக்குத்தான், வேறெங்கே.

வண்டி 20ல் போனாலும் பின்சக்கரம் 60ல் சுழலலாம் என்பதைக் கவனியுங்கள். நல்ல வீரர்கள் சேற்றில் பின்சக்கரத்தைக் கொஞ்சம் வேண்டுமென்றே சுழலவிடுவது இதற்காக. ஆனால் அளவு மீறினால் அதே சக்கரம் குழி தோண்டி ஆக்சில் வரை இறங்கிவிடும். டயரைக் கழுவுவதற்கும் பள்ளம் வெட்டுவதற்கும் நடுவில் இருக்கும் இடம் ரொம்பக் குறுகல். அதை கிளட்ச் விரலும் ஆக்சிலேட்டர் மணிக்கட்டும் சேர்ந்து பிடித்து வைத்திருக்க வேண்டும், மூன்று மணி நேரம்.

முன்சக்கரத்துக்கு இந்த வசதி கிடையாது. இன்ஜின் அதைச் சுற்றுவதில்லை, வண்டி போகிற வேகத்தில்தான் அது சுற்றும். மெதுவாகப் போனால் மண்ணை உதறாது. அதனால்தான் இந்த வண்டிகளில் முன் மட்கார்டு டயரை விட்டு ஒரு சாணுக்கு மேல் எட்டி, கொக்கு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. நம்ம ஊர் வண்டியில் அது டயரை ஒட்டி விரல் நுழையும் இடைவெளியில் இருக்கும். என் வண்டி நின்றதற்கு முழுக் காரணமும் அந்த இடைவெளிதான், பாவம் இன்ஜின் மேல் பழி போட்டேன்.

காற்று விஷயம் சுருக்கமாக. பஞ்சர் கடையில் பின்சக்கரத்துக்கு 30 பவுண்ட் வைப்போம், இவர்கள் சுமார் 12. ஒரு சக்கரத்தின் மேல் 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 30ல் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 47 சதுர சென்டிமீட்டர், 12ல் 119. இவ்வளவு குறைத்தால் கல்லில் மோதி டியூப் கிழியும் என்பதால் பலர் காற்றுக்குப் பதிலாக டயருக்குள் மூஸ் என்ற நுரை வளையத்தையே வைத்துவிடுகிறார்கள். பஞ்சர் என்ற பேச்சே இல்லை.

காட்டில் சேற்றை விடப் பயம் வேர். பட்டை உரிந்து நனைந்த வேருக்கும் டயருக்கும் நடுவே மெல்லிய சேற்றுப் படலம்தான் இருக்கும், பட்டன் இறங்க அங்கே மண்ணே இல்லை. வேர் சாய்வாகக் குறுக்கே கிடந்தால் டயர் அதன் நீளவாக்கில் வழுக்கி வண்டியை மரத்தின் பக்கம் கொண்டுபோய்விடும். அதற்கு மருந்து, நேர்க்குறுக்காகக் கடப்பதும், டயர் வேரின் மேல் இருக்கும் அந்த அரை நொடி ஆக்சிலேட்டரை விட்டுவிடுவதும்.

சரி, புதைந்துவிட்டால்? நேராக மேலே இழுத்தால் வராது. சக்கரத்துக்கு அடியில் காற்று போக வழி இல்லாததால், இழுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மேலிருந்து அமுக்கும். சேற்றில் புதைந்த காலைச் சட்டென்று பிடுங்கினால் செருப்பு உள்ளேயே தங்குவது இதனால்தான். தெரிந்தவர்கள் முதலில் வண்டியை இடமும் வலமும் ஆட்டுவார்கள், இல்லை ஒரு பக்கமாகப் படுக்கவே போட்டுவிடுவார்கள். ஓரத்தில் காற்று நுழைந்து ‘பொளக்’ என்று ஒரு சத்தம் வந்ததும் பாதி வேலை முடிந்தது.

இப்படிப் போராடும் நேரத்தில்தான் வண்டி கொதிக்கும். ரேடியேட்டர் முழுக்க மண் பூசியிருக்கும், வண்டி நகராததால் காற்றும் இல்லை. மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, வெளிக்காற்றை விட ஒரு பார் (ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம் அளவுக்கு) கூடுதல் அழுத்தம் இருந்தால் கிட்டத்தட்ட 120 டிகிரி வரை தாங்கும். அதையும் தாண்டினால் ஆவி சீறிக்கொண்டு வெளியேறும், போன தண்ணீர் போனதுதான்.

வண்டி சுமக்கும் மண்ணையும் மறக்கக் கூடாது. ஈரக் களிமண் லிட்டருக்கு 1.8 கிலோ போல வரும். இன்ஜின் அடித்தட்டு, சங்கிலி ஓரம், மட்கார்டு அடி என்று அங்கங்கே 5 லிட்டர் சேர்ந்தாலே 9 கிலோ, வீட்டு சிலிண்டரில் வரும் கேஸில் பாதிக்கும் மேலான எடையை ஏற்றிக்கொண்ட மாதிரி. ரேஸுக்கு முன் சந்து பொந்துகளில் ஸ்பாஞ்சை அடைப்பார்கள், பிளாஸ்டிக் மேல் வழுக்கும் ஸ்பிரே அடிப்பார்கள், மண் உட்கார இடமே இருக்கக் கூடாது என்று. அப்படியும் உட்காரும். பெட்ரோல் போட ஓரம் கட்டும் சில விநாடிகளில் ஒருவர் டேங்கை நிரப்பும்போது இன்னொருவர் கிடைத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து ஸ்பிராக்கெட் இடுக்கில் இருக்கும் மண்ணை நோண்டிக்கொண்டிருப்பார். கருவேலங்குச்சிதான் இல்லை.